மரவில் செய்து மான் வேட்டைக்குப் போவது: தொடங்குபவருக்கான வழிகாட்டி

வட அமெரிக்காவின் பல மாநிலங்களில் துப்பாக்கி வேட்டைக்கு முன்பே, செப்டம்பரிலோ அக்டோபரிலோ, வில்வேட்டைப் பருவம் திறந்துவிடுகிறது. அப்போது காட்டுக்குள் போகிறவர்களில் பெரும்பாலோர் கப்பி பொருத்திய காம்பவுண்ட் வில்லையோ குறுக்குவில்லையோ எடுத்துச் செல்கிறார்கள். தாமே செதுக்கிய மரவில்லோடு போகிறவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரின் வழி புதியதன்று. 1911இல் கலிஃபோர்னியாவில் வெளியுலகத்தின் பார்வைக்கு வந்த யாஹி இனத்தவரான இஷி, தமக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப்புக்கு வில்வித்தையைக் கற்றுக்கொடுத்தார். விஸ்கான்சின் மாநிலம் 1934இல் மானுக்கென்று தனி வில்வேட்டைப் பருவத்தை அறிவித்தது. அங்கே பேராசிரியராக இருந்த சூழலியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் தம் வில்லையும் அம்பையும் தாமே செய்துகொண்டவர்.

கையால் செய்த வில்லின் எட்டும் தூரம் சிறியது. 20 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் மான் அந்த வில்லைப் பொறுத்தவரை இல்லாத மான். மரத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் அம்பை விடுவது வரை ஒவ்வொரு முடிவையும் இந்த எல்லையை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும். வில்லைச் செதுக்கும் வேலை சில வார இறுதிகளில் முடிந்துவிடும். அதைக்கொண்டு ஓர் உயிரின்மீது அம்பு தொடுக்கும் தகுதி பெற ஏறக்குறைய ஓராண்டு ஆகும் என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது. ஆகவே இந்த இலையுதிர் காலத்துக்காக அன்றி, அடுத்த இலையுதிர் காலத்துக்காகத் தொடங்குங்கள்.

முதலில் சட்டம்

மரத்தைத் தேடுவதற்கு முன் நீங்கள் வாழும் இடத்தின் சட்டத்தைப் படித்துவிட வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்கிறது. எனவே தமிழகத்திலிருந்து இதை வாசிப்பவர்கள் வில் செய்வது, இலக்குப் பலகையில் எய்வது என்ற அளவோடு நின்றுகொள்ள வேண்டும். பிரிட்டனிலும் வில்லால் வேட்டையாடுவது குற்றம். அமெரிக்காவிலும் கனடாவிலும் அனுமதி உண்டு, ஆனால் விதிகள் இடத்துக்கு இடம் மாறும். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், நியூயார்க் போன்ற மாநிலங்களில் அதற்கு மேலும் வில்வேட்டைக்கான தனிப் பயிற்சி, ஆண்டு உரிமம், மானுக்குரிய அனுமதிச் சீட்டு ஆகியவை தேவைப்படும். வில்லின் இழுவிசைக்கு, அதாவது நாணை முழுமையாக இழுக்கத் தேவைப்படும் விசைக்கு, கீழ்வரம்பு வைத்துள்ள மாநிலங்களில் அது பெரும்பாலும் 30 முதல் 40 பவுண்டுக்குள் இருக்கிறது. அம்புமுனையின் அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும் என்பதும் பரவலான விதி. இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொண்ட பிறகே வில்லின் அளவை முடிவு செய்ய முடியும்.

மரம்

அனுபவமுள்ள வில்செய்வோர் பெரிதும் விரும்புவது ஓசேஜ் ஆரஞ்சு மரத்தை. டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்க்கன்சா பகுதிகளுக்கு உரிய அந்த மரத்தின் மஞ்சள் நிற வைரக்கட்டைக்கு ஈடான வில்மரம் குறைவு. ஆனால் அதில் பட்டைக்கு அடுத்த வெண்கட்டை முழுவதையும் நீக்கி, ஓர் ஆண்டு வளையத்தை மட்டும் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை எங்கும் வெட்டுப்படாமல் பின்தொடர்ந்து செதுக்கினால்தான் வில்லின் முதுகு கிடைக்கும். அது முதல் வில்லுக்கு உரிய வேலை அன்று. ஈரமான மரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து, வெடிக்காமல் இருக்க இரு முனைகளிலும் பசையோ பெயிண்டோ பூசி, ஓராண்டு நிழலில் உலர்த்துவதற்கும் தொடங்குபவருக்குப் பொறுமை இருப்பதில்லை.

எனவே முதல் வில்லை மரக்கடையில் கிடைக்கும், சூளையில் உலர்த்திய பலகையில் செய்யுங்கள். ஹிக்கரி கிடைத்தால் மிக நல்லது. முறியாமல் இழுபடுவதைத் தாங்குவதில் அதை மிஞ்சும் மரம் அரிது. கிடைக்காவிட்டால் ரெட் ஓக் போதும். 6 அடி நீளம், 2 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம் கொண்ட ஒரு பலகை தேவை. மரத்தின் பெயரைவிட நாரோட்டம் முக்கியம். பலகையின் அகன்ற முகத்திலும் பக்கவாட்டு முகத்திலும் தெரியும் ரேகைகள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏறத்தாழ இணையாக ஓட வேண்டும். நடுவழியில் ஓரத்தை நோக்கிச் சாய்ந்து வெளியேறும் ரேகை ஒவ்வொன்றும் வில் முறியக்கூடிய இடமாகும். கணு இருக்கும் பலகையைத் தொடவே வேண்டாம். கடையில் 50 பலகைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது இயல்பு. கடைக்காரர் முறைத்தாலும் பொருட்படுத்த வேண்டாம், ஏனெனில் இந்த ஒரு மணிநேரத்தில் சேமிக்கும் உழைப்பு வேறெங்கும் சேமிக்க முடியாதது.

ஹிக்கரிக்கு ஒரு குறை உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். ஈரமேறிய மரம் முறியாது, ஆனால் வளைந்த வாட்டத்திலேயே நின்றுவிடும். பலகையை வீட்டுக்குள் சில வாரம் வைத்து அவ்வப்போது எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு வேலையைத் தொடங்கலாம்.

அளவுகள்

முதலில் உங்கள் இழுநீளத்தை, அதாவது நாணை நீங்கள் முழுமையாக இழுக்கும் தூரத்தை, தெரிந்துகொள்ள வேண்டும். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளந்து, அதை 2.5ஆல் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். 68 அங்குல விரிவுடையவருக்கு ஏறத்தாழ 27 அங்குலம். வில்களைப் பற்றிய பேச்சில் எல்லாம் 28 அங்குலம் என்றே வரும். நம்மில் பலருக்கு அது 26ஆகவே இருக்கும். வில் உங்களுக்காகச் செய்யப்படுவது என்பதால் உங்கள் அளவையே பின்பற்றுங்கள்.

நீளம் 66 முதல் 68 அங்குலம் வரை இருக்கட்டும். குட்டையான வில் காட்டில் வசதியானது என்பது உண்மைதான், ஆனால் அதில் மரம் மிகுதியாக வளைய வேண்டியிருப்பதால் தொடங்குபவரின் சிறு பிழையையும் அது மன்னிக்காது. நடுவில் 4 அங்குலம் பிடி, அதன் இருபுறமும் 2 அங்குலத்தில் சரிந்து இறங்கும் தோள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பலகை மெல்லியது என்பதால் பிடியின் இடத்தில் அதே மரத்தில் 8 அங்குலத் துண்டு ஒன்றை மரப்பசையால் ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுவதும் விட்டுவிட வேண்டும். வில்லின் கையின், அதாவது பிடிக்கு இருபுறமும் நீண்டு வளையும் பகுதி ஒவ்வொன்றின், அகலம் தோளருகே ஒன்றே முக்கால் அங்குலமாகத் தொடங்கி, பாதித் தொலைவுவரை அப்படியே ஓடி, பிறகு நுனியில் அரை அங்குலமாகக் குறுகட்டும். கனத்தை முதலில் தோளருகே சுமார் 5/8 அங்குலமாகவும் நுனியில் அரை அங்குலமாகவும் விட்டு வைக்கலாம். மீதி வேலை சீராக்கத்தில் நடக்கும்.

இங்கே ஒரு கணக்கை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். கனமோ அதன் முப்படிக்கேற்ப (கனம் × கனம் × கனம்) வேலை செய்கிறது: பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். உப்புத்தாளால் இரண்டு முறை தேய்ப்பதுகூட வில்லின் குணத்தை மாற்றுவது இதனால்தான்.

வில்லின் முதுகு என்பது எய்பவருக்கு எதிர்ப்புறம், மானைப் பார்க்கும் முகம். வயிறு என்பது எய்பவரைப் பார்க்கும் முகம். மரத்தை எப்போதும் வயிற்றுப் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். முதுகில் விளிம்புகளை உருட்டுவதைத் தவிர வேறெதையும் செய்யக்கூடாது. ரேகையில் சிறிது ஐயம் இருந்தால், முதுகில் மெல்லிய லினன் துணியை மரப்பசையால் ஒட்டிவிடுவது காப்பீடாக அமையும்.

சீராக்கம்

வில்செய்வோர் டில்லரிங் என்று சொல்லும் இந்தக் கட்டம்தான் கலையின் உயிர். வில்லின் இரு கைகளும் முழு நீளத்துக்கும் ஒரே சீராக வளையும்படி, விறைப்பான இடங்களில் மட்டும் மரத்தைச் சுரண்டி எடுப்பதே வேலை. கேட்பதற்கு எளிது, முதல் வில்லில் பலர் தோற்கும் இடமும் இதுவே.

முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, பிடியை அழுத்திப் பாருங்கள். வில்லின் கை சிறிது வளையும்வரை அரத்தால் வயிற்றை இறக்குங்கள். இரு கைகளும் அப்படி வளையத் தொடங்கியதும் நுனிகளில் நாணுக்கான காடியை வெட்டி, தொங்கலான நீண்ட நாண் ஒன்றை மாட்டலாம். சுவரில் ஒரு தாங்கியில் பிடியை வைத்து, கீழே ஒரு கப்பி வழியாகக் கயிற்றை இழுத்தால், எட்ட நின்று வளைவைப் பார்க்க முடியும். கயிற்றுக்கும் நாணுக்கும் இடையே ஸ்பிரிங் தராசைக் கோத்துக்கொள்ளுங்கள்.

இறுதியில் வேண்டிய இழுவிசை 45 பவுண்டு என்றால், எந்தக் கட்டத்திலும் தராசு 45ஐத் தாண்டக்கூடாது. வில் 10 அங்குலம் மட்டுமே வளைந்து அந்த எண்ணைக் காட்டினால், அங்கேயே நிறுத்தி மரத்தை எடுக்க வேண்டும். இன்னும் சிறிது இழுத்துத்தான் பார்ப்போமே என்று ஒருமுறை இழுத்தால், வயிற்றுப் பக்கத்து நார்கள் நசுங்கி, வில் நாணைக் கழற்றிய பிறகும் வளைந்தே நிற்கும். அந்த நிலைத்த வளைவு 2 அங்குலத்துக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அம்பின் வேகம் தளர்ந்துவிடும். அதேபோல, எங்காவது வளைவு ஒரே இடத்தில் கூர்மையாக மடிவது தெரிந்தால், அந்த வில்லை மேற்கொண்டு இழுக்காமல், மடிப்பைத் தொடாமல், அதன் இருபுறமும் உள்ள மரத்தைக் குறைத்து அதனுடன் சமன்செய்ய வேண்டும்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் 20, 30 தடவை மெல்ல இழுத்து விட்டபின்பே வளைவைப் பாருங்கள், ஏனெனில் மரம் தன் மாற்றத்தை உடனே காட்டாது. கண்ணை நம்புவதைவிட, ஒரு நேரான சிறு மரக்கட்டையை வயிற்றின்மீது நகர்த்தி, அதற்கும் வில்லுக்கும் இடையே உள்ள சந்தைப் பார்ப்பது சரியான வழி. சந்து குறையும் இடம் விறைப்பான இடம். அங்கே பென்சிலால் கோடிட்டு, அந்தக் கோடுகள் மறையும்வரை மட்டும் சுரண்டுங்கள்.

நீண்ட நாணில் நுனிகள் 5, 6 அங்குலம் சீராக நகர்ந்ததும், குறுகிய நாணை, பிடிக்கும் நாணுக்கும் இடையே 3 அங்குல இடைவெளி இருக்கும்படி, பூட்டலாம். இதன் பிறகு அரத்தை எடுத்து வைத்துவிட்டு, சுரண்டு தகட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும். வளைவு சரியானால் இடைவெளியை 6 அங்குலத்துக்கு உயர்த்துங்கள். கீழ்க்கை மேல்கையைவிடச் சிறிது விறைப்பாக, அதாவது தோளருகே நாணுக்கும் வில்லுக்கும் உள்ள தூரம் கீழே எட்டில் ஒரு பங்கு அங்குலம் குறைவாக இருந்தால், கையில் பிடிக்கும்போது வில் நடுநிலையாக இருக்கும். முழு இழுநீளத்துக்கு 2 அங்குலம் முன்னதாகவே வேண்டிய இழுவிசை வந்துவிடும்படி நிறுத்திக்கொள்ளுங்கள். மெருகேற்றுவதிலும் முதல் நூறு அம்புகளிலும் சில பவுண்டு தானாகக் குறையும்.

விளிம்புகளை உருட்டி, உப்புத்தாளால் அராவிய தடங்கள் எல்லாம் மறையும்வரை தேய்த்து, எண்ணெயோ வார்னிஷோ பல பூச்சு கொடுத்தால் வில் முடிந்தது. முதுகில் சிம்பு எழுந்தால் வில்லை அடுப்புக்கு அனுப்பிவிடுங்கள். முகத்துக்கு அருகே முறியும் 45 பவுண்டு வில் விளையாட்டுப் பொருள் அன்று. அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவதும், நாண் பூட்டியபடியே வில்லை விட்டுவைப்பதும், வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பதும் நல்ல வில்லையும் கெடுத்துவிடும்.

நாணும் அம்பும்

நாணுக்கு டேக்ரான் நூல் போதும். பி-50 வகையில் 12 முதல் 14 இழை முறுக்கலாம். நீளாத புதுவகை நூல்கள் வேகம் தரும், ஆனால் அவை மரவில்லின் நுனிக்காடியை அறுத்துவிடக்கூடும்.

அம்பைப் பற்றித் தொடங்குபவர்கள் போதிய அளவு கவலைப்படுவதில்லை. மரவில்லில் அம்பு நடுக்கோட்டில் செல்வதில்லை. பிடியைச் சுற்றி வளைந்து சென்று பிறகு நிமிர்கிறது. ஆகவே அம்புத்தண்டின் விறைப்பு வில்லுக்குப் பொருந்தியிருக்க வேண்டும். தண்டுகளை 5 பவுண்டு இடைவெளியில் தரம் பிரித்து விற்பார்கள். உங்கள் வில்லின் இழுவிசைக்குச் சமமானதையும் அதைவிட 5, 10 பவுண்டு குறைவானதையும் இரண்டிரண்டு வாங்கி எய்து பாருங்கள். இறகு ஒட்டாத தண்டு எதில் நேராகப் பறக்கிறதோ அதில் ஒரு டஜன் செய்துகொள்ளலாம். போர்ட் ஆர்ஃபோர்டு செடார் மரத்தில் 11/32 அங்குலத் தண்டு வழக்கமானது. வளைந்த தண்டை மிதமான சூட்டில் காட்டி விரலால் நிமிர்த்த முடியும். வான்கோழியின் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுத்த மூன்று இறகுகளை ஒட்டுங்கள்.

வேட்டை அம்பு கனமாக இருக்க வேண்டும்: இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 கிரெய்ன் என்பது நல்ல அடிப்படை. 45 பவுண்டு வில்லுக்கு 450 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 29 கிராம். கனமான அம்பு மெதுவாகச் செல்லும்; ஆனால் ஆழமாகப் புகும், வில்லின் அதிர்வையும் ஓசையையும் குறைக்கும். முனை இரட்டை அலகுடையதாக, முன்கை மயிரைச் சிரைக்கும் கூர்மையில் இருக்கட்டும். அம்பு குண்டைப் போல அதிர்ச்சியால் கொல்வதில்லை. அறுத்து, குருதியை இழக்கச் செய்து கொல்கிறது. மழுங்கிய முனையோடு காட்டுக்குள் போவது கொடுமை.

பயிற்சி

முதல் சில வாரங்கள் இலக்கே வேண்டாம். 5 கெஜத்தில் வைக்கோல் கட்டின்மீது, குறி பார்க்காமல், இழுப்பும் விடுப்பும் மட்டும் பழகுங்கள். பிறகு 10 கெஜம், பிறகு 15. மானின் நெஞ்சுக்கூட்டில் அம்பு பட வேண்டிய இடம் ஒரு சாப்பாட்டுக் காகிதத் தட்டின் அளவுடையது. அன்றைய நாளின் முதல் அம்பு, கை சூடேறாத நிலையில் விட்ட அம்பு, எந்தத் தூரத்தில் தவறாமல் அந்தத் தட்டில் தைக்கிறதோ அதுதான் உங்கள் வேட்டைத் தூரம். 12 கெஜம் என்றால் 12 கெஜமே. பத்தாவது அம்பு எங்கே தைத்தது என்பதை மான் கேட்காது.

பருவம் நெருங்கும்போது வேட்டை உடையோடு, முழந்தாளிட்டும், முக்காலியில் அமர்ந்தும், உயரத்திலிருந்து கீழ்நோக்கியும் எய்து பழக வேண்டும். 66 அங்குல வில்லின் கீழ்நுனி பரணில் இடிக்கும் என்பது பரணில் ஏறிய பிறகு தெரிய வேண்டிய செய்தி அன்று.

காட்டில்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வெண்வால் மான்கள் நடக்கும் தடத்திலிருந்து 15 கெஜத்துக்குள், அவை வரும் திசைக்குக் காற்று செல்லாத பக்கத்தில் அமருங்கள். காலையில் வெயில் ஏறும்போது காற்று சரிவில் மேலேறும், மாலையில் குளிர்ந்து கீழிறங்கும். மணத்தை மானுக்கு ஒளிக்க முடியாது என்பதால் இருப்பிடத்தை நேரத்துக்கேற்ப மாற்றியே ஆக வேண்டும். பரண் ஏறுபவர்கள், கால் தரையை விட்டு எழும் கணத்திலிருந்து மீண்டும் தரையைத் தொடும்வரை, பாதுகாப்புக் கச்சையை மரத்தோடு பிணைத்திருக்க வேண்டும். வில்லையும் அம்பையும் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள். மழையில் இறகு படிந்துவிடும். அவற்றின்மீது ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி வையுங்கள்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போதோ, சற்று அப்பால் திரும்பி நிற்கும்போதோ மட்டும், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே எய்யலாம். நேர் எதிரே பார்த்து நிற்கும் மானையும் ஓடும் மானையும் விட்டுவிட வேண்டும். இதற்கு ஒரு காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மரவில்லின் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 150 அடி செல்கிறது. ஒலி 1,100 அடிக்கு மேல் செல்கிறது. 20 கெஜத்தில் நிற்கும் மானின் காதுக்கு நாணின் ஓசை ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கில் எட்டிவிடும், அம்போ 0.4 நொடி எடுத்துக்கொள்ளும். செவியை விடைத்து நிற்கும் மான் அந்த இடைவெளியில் கால்களை மடித்துப் பதுங்கி ஓடத் தொடங்கும். அம்பு அதன் முதுகுக்கு மேலே போகும், அல்லது அதைவிட மோசமாக, தவறான இடத்தில் தைக்கும். தலை குனிந்து மேயும், பதற்றமில்லாத மானுக்காகக் காத்திருங்கள். 10 கெஜத்தில் நிற்கும் மானுக்கு அந்த அவகாசம் பாதியாகக் குறைந்துவிடும்.

அம்பு பட்ட பிறகு

அம்பு விட்டதும் மான் எந்த மரத்தருகே நின்றது, எந்த மரத்தருகே கடைசியாகத் தெரிந்தது என்று குறித்துக்கொண்டு, அசையாமல் அமருங்கள். உடனே பின்தொடர்ந்தால், அருகிலேயே படுத்துவிடக்கூடிய மான் எழுந்து அரை மைல் ஓடும். அரை மணிநேரம் கழித்து அம்பைத் தேடி எடுத்து, அதிலுள்ள குருதியைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது. மெல்லப் பின்தொடரலாம், மான் தொலைவில் இருக்காது. கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலாக இருக்கலாம். சில மணிநேரம் பொறுக்க வேண்டும். பசுமை கலந்து, தீனியின் நாற்றம் வீசினால் குடலில் பட்டிருக்கிறது. குறைந்தது 6 முதல் 8 மணிநேரம் விட்டுவிட வேண்டும், மாலையில் எய்ததென்றால் பெரும்பாலும் மறுநாள் காலைவரை.

தடத்தில் குருதி கண்ட ஒவ்வோர் இடத்திலும் ஒரு காகிதத் துண்டை வைத்துச் செல்லுங்கள். தடம் அறுந்தால், திரும்பிப் பார்க்கும்போது அந்தத் துண்டுகளின் வரிசை மான் போன திசையைக் காட்டும். தடத்தின்மீது நடக்காமல் அதன் ஓரமாகவே நடக்க வேண்டும். அது வேறொருவரின் நிலத்துக்குள் சென்றால், பல மாநிலங்களில் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் பின்தொடர முடியாது என்பதால், பருவத்துக்கு முன்பே பக்கத்து நிலக்காரர்களிடம் பேசி வைப்பது நல்லது.

மான் கிடைத்ததும் அனுமதிச் சீட்டை நிரப்பிக் கட்டிவிட்டு, தாமதமின்றிக் குடலை நீக்க வேண்டும். இறைச்சி 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே எவ்வளவு விரைவில் குளிர்கிறதோ அவ்வளவு நல்லது. 1967இல் கொலராடோவில் முதலில் அறியப்பட்ட, மான்களை உருக்கிக் கொல்லும் நாட்பட்ட மெலிவு நோய் இப்போது பல மாநிலங்களில் உண்டு. அத்தகைய பகுதியில் வேட்டையாடினால் மானின் தலையை வனவிலங்குத் துறையின் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே இறைச்சியைச் சமைக்க வேண்டும். மூளையையும் தண்டுவடத்தையும் மாநில எல்லை தாண்டி எடுத்துச் செல்வதற்குப் பல இடங்களில் தடை இருக்கிறது. வேறு மாநிலத்துக்குப் போய் வேட்டையாடுபவர்கள் இறைச்சியை எலும்பு நீக்கியே கொண்டுவருவது பாதுகாப்பு.